மகனை லைனுக்கு மாத்திட்டாங்க, யாரு இந்த பக்கெட்ஸ் கோல்டன்பெர்க்?

கேள்வி: வணக்கம். நாங்க விஸ்கான்சின்ல மில்வாக்கி பக்கத்துல இருக்கோம். பையனுக்கு 15 வயசு, ஸ்கூல் டீம்ல அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுறான். போன வருஷம் வரைக்கும் ரன்னிங் பேக், பந்தை வாங்கிட்டு எதிரணியோட கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன்லாம் போட்டான். இந்த சீசன்ல கோச் அவனை லைனுக்கு, அதாவது எதிராளியைத் தடுக்கிற முன்வரிசைக்கு மாத்தி கார்ட் ஆக்கிட்டார், இனிமே பந்தே கைக்கு வராதாம். பையன் ரூமை விட்டு வெளிய வர்றதில்ல. வீட்டுக்காரர் "நம்ம பையன்னா இவங்களுக்கு இளக்காரம், நிறுத்திடு"ங்கிறார். ஊர்ல இருந்து வந்திருக்கிற மாமியார் "பந்தே தொடாம எதுக்கு அடுத்தவன முட்டிக்கிட்டு நிக்கணும்"னு கேக்குறாங்க. கோச்கிட்ட போய் கேட்டா, "பக்கெட்ஸ் கோல்டன்பெர்க் பத்தி படிக்க சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு, 20 பவுண்டு வெயிட் ஏத்தணும்னும் சொல்றார். நாங்க சைவம். யாருங்க அவர்? இது டிமோஷனா? பயப்படணுமா?

பதில்: வணக்கம்ங்க. உங்க கோச் வாய்க்கு வந்த பேரைச் சொல்லி அனுப்பல, யோசிச்சுத்தான் சொல்லியிருக்கார். டச்டவுன் போடுற இடத்துல இருந்து லைனுக்குப் போனவர்னு தேடினா கோல்டன்பெர்க் அளவுக்குப் பொருத்தமான ஆள் கிடைக்கிறது கஷ்டம், அதுவும் உங்க ஊர்க்காரர். நான் கோச் இல்லைங்க, ஹைஸ்கூல் டீமுக்கு அத்லெட்டிக் ட்ரெய்னர், அதாவது அடிபட்டா முதல்ல கிரவுண்டுக்குள்ள ஓடுற ஆள். என் டேபிளுக்கு அதிகமா வர்றது லைன்மேன் பசங்கதான், விரல் பிசகிடுச்சு, தோள்பட்டை வலிக்குது, கணுக்கால் வீங்கிடுச்சுன்னு. அதனால அவங்க வேலை என்னன்னு நல்லாவே தெரியும்.

கதையை முதல்ல சொல்லிடுறேன், வெயிட் விஷயம் கீழ வருது, அதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.

பக்கெட்ஸ்ங்கிறது பட்டப்பேர். சொந்தப் பேர் சார்ல்ஸ் கோல்டன்பெர்க். ஒடெசால பிறந்த யூதப் பையன், அப்ப அது ரஷ்யப் பேரரசு, இப்ப உக்ரைன். சின்ன வயசுலயே குடும்பத்தோட மில்வாக்கிக்கு வந்துட்டார். அந்தக் காலத்துல அந்தப் பக்கத்துல இருந்து நிறைய யூதக் குடும்பங்க உங்க ஊருக்கு வந்திருக்கு, பின்னாடி இஸ்ரேல் பிரதமரான கோல்டா மேயர்கூட கீவ்ல பிறந்து 1906-ல மில்வாக்கிக்கு வந்து வளர்ந்தவங்கதான். நம்ம பக்கெட்ஸ் மில்வாக்கில ஸ்கூல் முடிச்சு, விஸ்கான்சின் யுனிவர்சிட்டிக்கு ஆடி, 1933-ல என்எஃப்எல்ங்கிற தொழில்முறை லீக்ல ஆடுற கிரீன் பே பேக்கர்ஸ் டீம்ல சேர்ந்தார். காலேஜ் பசங்களை டீமுங்க வரிசையா தேர்ந்தெடுக்கிற, இப்ப டிவில மூணு நாள் காட்டுற டிராஃப்ட்லாம் அப்ப கிடையாது, அது 1936-லதான் ஆரம்பிச்சது.

1933 பேக்கர்ஸுக்கு நல்ல வருஷம் இல்ல. 5 ஜெயிச்சு, 7 தோத்து, 1 டிரா, கோச் கர்லி லாம்போ ஜெயிச்சதை விட அதிகமா தோத்த முதல் சீசன் அதுதான். அந்த மோசமான டீம்ல புதுசா வந்த பையன் 7 டச்டவுன் போட்டார். 7 தானான்னு உங்க பையன் சிரிப்பான், அன்னைக்கு ஸ்கோரெல்லாம் ரொம்ப கம்மி, அந்த வருஷம் லீக்லேயே அதிகபட்சம் அந்த 7 தான், அவரோட சேர்ந்து இன்னும் ரெண்டு பேர் அதே 7 போட்டிருந்தாங்க. அதாவது முதல் சீசன்லயே லீக்ல டாப். கூடவே இன்னொரு விஷயம், பேக்கர்ஸ் மில்வாக்கில ஹோம் கேம் ஆட ஆரம்பிச்சதும் அதே 1933-லதான், அதனால சொந்த ஊர் ஜனங்க முன்னாடியே இவர் ஆடினார்.

இப்படி ஆரம்பிச்ச ஆளை என்ன பண்ணாங்க? 1930-களோட பின்பாதில கார்ட் ஆக்கிட்டாங்க. உங்க பையனுக்கு நடந்த அதே விஷயம்.

ஒண்ணு மட்டும் நேர்மையா சொல்லணும், அவர் உங்க பையன் மாதிரி பந்தை வாங்கி ஓடுறதே முழுநேர வேலையா வெச்சிருந்தவர் இல்ல. அன்னைக்கு லாம்போ ஆட வெச்சது நோட்ரேடேம் பாக்ஸ்ங்கிற அமைப்பு, பின்னாடி நாலு பேர் ஒரு பெட்டி மாதிரி நிப்பாங்க, அதுல ஒருத்தருக்கு, இன்னைக்குப் பந்தை வீசுறவனைச் சொல்ற மாதிரி, குவார்ட்டர்பேக்னு பேர் இருந்தாலும் அந்த ஆளோட முக்கிய வேலை பந்தை வீசுறது இல்ல, ஓடுறவனுக்கு முன்னாடி போய் வழி திறந்து விடுறது. பக்கெட்ஸ் ஆடினது அந்த இடம்தான். வழி திறக்குற வேலையோட சேர்த்துத்தான் அந்த 7 டச்டவுனும். ஆக, லாம்போ அவர்கிட்ட ஏற்கெனவே இருந்த திறமையைத்தான் லைனுக்குக் கொண்டு போனார், இல்லாத ஒண்ணை வான்னு சொல்லல. உங்க கோச்சும் பையன்கிட்ட அப்படி ஒண்ணைப் பாத்திருக்கலாம், அதை அவர்கிட்டயே கேளுங்க, எப்படிக் கேக்கணும்னு பின்னாடி சொல்றேன்.

கார்ட் ஆனதுக்கு அப்புறம் அவர் பேருக்கு நேரா ஏட்டுல எழுத பெருசா ஒண்ணும் இல்ல, லைன்மேனுக்கு அன்னைக்கு எந்தக் கணக்கும் வெக்க மாட்டாங்க. ஆனா 1945 வரைக்கும் மொத்தம் 13 சீசன் அதே டீம்ல ஆடினார். பேக்கர்ஸ் 1936, 1939, 1944-னு மூணு சாம்பியன்ஷிப் ஜெயிச்சது, மூணுலயும் இவர் டீம்ல இருந்தார். 1939 ஃபைனல் நடந்தது கிரீன் பேல கூட இல்ல, உங்க ஊரை ஒட்டியிருக்கிற வெஸ்ட் ஆலிஸ்ல, ஸ்டேட் ஃபேர் பார்க்ல, நியூயார்க் ஜயன்ட்ஸை 27-0-ன்னு துடைச்சுப் போட்டாங்க. ஆகஸ்ட்ல ஃபேர் பாக்க நீங்களும் போயிருப்பீங்க, அங்க இருக்கிற ரேஸ் டிராக்குக்கு நடுவுலதான் அப்ப மைதானமே இருந்தது. அப்புறம் லீக்கோட 50 வருஷத்தை ஒட்டி ஒவ்வொரு பத்தாண்டுக்கும் சிறந்த டீம் தேர்ந்தெடுத்தப்போ 1930-களுக்கான டீம்ல இவர் பேர் வந்தது, எதுக்குத் தெரியுமா, கார்ட் இடத்துக்கு. 7 டச்டவுன் போட்ட ஆளா யாரும் ஞாபகம் வெச்சுக்கல, கார்டாத்தான் வெச்சுக்கிட்டாங்க.

அதே டீம்ல டான் ஹட்சன்னு ஒருத்தர் 1935-ல இருந்து 1945 வரைக்கும் ஆடினார், பந்தைப் பிடிக்கிறவர். மொத்தம் 99 டச்டவுன் கேட்ச், அந்த ரெக்கார்டு உடையவே 1989 ஆச்சு. அந்த 99-க்கும் பின்னாடி பந்தை வீசுறவனுக்கு ரெண்டு மூணு செகண்ட் நேரம் வாங்கிக் குடுத்தது யாரு, லைன்ல நின்ன அஞ்சு பேர். 99 எல்லாருக்கும் தெரியும், அஞ்சு பேர் பேரைக் கேட்டா கிரீன் பேல பிறந்து வளர்ந்தவனே முழிப்பான். நியாயமான்னா இல்லதான், ஆனா விளையாட்டு அப்படித்தான் ஓடுது.

இப்ப அந்த வேலை எப்படி இருக்கும்னு கொஞ்சம் கிட்டத்துல பாப்போம், ஏன்னா "முட்டிக்கிட்டு நிக்கிறது"ன்னு பாட்டி சொல்றது வெளிய இருந்து பாக்குற யாருக்கும் தோணுறதுதான். கார்ட்ங்கிறவன், லைன் நடுவுல நின்னு பந்தைப் பின்னாடி குடுக்கிற சென்டருக்குப் பக்கத்துல நிக்கிறவன், இடது ஒருத்தன் வலது ஒருத்தன். பந்து பின்னாடி போன உடனே எதிர்ல இருக்கிறவனை நேரா தள்ளணும், இல்ல ரெண்டடி பின்வாங்கி குவார்ட்டர்பேக்கைக் காப்பாத்தணும், இல்ல இருக்கிற இடத்தை விட்டுட்டு லைனுக்குப் பின்னாடியே பக்கவாட்டுல ஓடி மைதானத்தோட ஓரத்துல நிக்கிறவனைப் போய் அடிக்கணும். கடைசியா சொன்னதை புல் பண்றதுன்னு சொல்வாங்க, பக்கெட்ஸ் காலத்து ஆட்டமே அதை நம்பித்தான் ஓடுச்சு. பின்னாடி பந்தோட ஒருத்தன் வந்துட்டு இருக்கான், அவனைத் திரும்பிப் பாக்க நேரமில்ல, ஆனா அவன் எந்த சந்துல புகுவான்னு முன்னாடி ஓடுறவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். பந்தோட ஓடிப் பழகினவனுக்கு அது தானா தெரியும், உங்க பையனுக்கு இருக்கிற பெரிய சொத்து அதுதான். சும்மா உடம்பு பெருசா இருக்குன்னு லைனுக்கு வந்த பசங்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்கவே ஒரு சீசன் போயிடும்.

இன்னொண்ணு, விரல். லைன்மேன் ஒரு கையைத் தரையில ஊணி நிப்பான் இல்லையா, அந்த விரல் நுனியைப் பாருங்க. முன்னாடி பாய்ஞ்சு தள்ளப் போறான்னா பாரத்தை விரல் மேல போடுவான், நகத்தைச் சுத்தி வெள்ளையா வெளுத்துரும். பின்வாங்கப் போறான், இல்ல பக்கவாட்டுல ஓடப் போறான்னா கை சும்மா தொட்டுக்கிட்டு இருக்கும், விரல் வெளுக்காது. எதிர்ல நிக்கிறவன் அதைப் பாத்தே என்ன ஆட்டம் வரப்போகுதுன்னு கண்டுபிடிச்சுடுவான். அதனால நல்ல கோச் எப்பவும் ஒரே மாதிரி நிக்கப் பழக்குவார். பையன் பிராக்டிஸ்ல இதைத்தான் தினமும் வாங்கிக் கட்டிக்கிட்டு இருப்பான்னு நினைக்கிறேன்.

இந்த மாதிரி துப்பு கண்டுபிடிக்கிறதுல பக்கெட்ஸ் கில்லாடி. அன்னைக்கு லைன்மேனுங்க ரெண்டு பக்கமும் ஆடணும், அட்டாக் முடிஞ்சா அதே ஆளுங்க டிஃபென்ஸுக்கு நிப்பாங்க. இஷ்டத்துக்கு ஆள் மாத்திக்கலாம்ங்கிற விதியே 1943-லதான் வந்தது, அதுவும் உலகப் போருக்கு பசங்க போயிட்டதால ஆள் பத்தாம. சிகாகோ பேர்ஸ்தான் பேக்கர்ஸோட பரம எதிரி, அங்க குவார்ட்டர்பேக் சிட் லக்மன், அவரும் யூதர், புரூக்ளின் பையன். லக்மன் பந்தை வீசப் போறாரா இல்லையான்னு பக்கெட்ஸ் முன்கூட்டியே மோப்பம் பிடிச்சு, தன் இடத்தை விட்டு பாஸைத் தடுக்கப் பின்னாடி போயிடுவாராம். பேர்ஸ்காரங்க என்ன பண்ணாங்க, சரி போகட்டும்னு விட்டு, வீசுற மாதிரி பாவ்லா காட்டிட்டு அவர் காலி பண்ணின ஓட்டை வழியாவே பந்தைக் கொண்டு போனாங்க. இன்னைக்கு எல்லா டீமும் ஆடுற டிரா ப்ளே அப்படித்தான் வந்ததுன்னு ஒரு கதை. கிளீவ்லண்ட் பிரவுன்ஸ்ல இருந்து வந்ததுன்னு இன்னொரு கதையும் இருக்கு, ரெண்டு ஊர்க்காரங்களும் விட்டுக் குடுக்க மாட்டாங்க. எனக்கு முதல் கதைதான் பிடிக்கும், ஒரு கார்டை ஏமாத்தவே தனியா ஒரு ஆட்டம் கண்டுபிடிக்க வேண்டி வந்ததுன்னா அந்த ஆள் எப்படிப்பட்டவர்னு பாருங்க.

காசு? அன்னைக்கு இதுல பெருசா ஒண்ணும் இல்ல. சீசன் இல்லாத மாசத்துல பக்கெட்ஸ் தொழில்முறை மல்யுத்தம் பண்ணினார், ஆட்டம் விட்டப்புறம் மில்வாக்கில ரெஸ்டாரன்ட் நடத்தினார். 1953-ல பேக்கர்ஸ் போர்டு ஆஃப் டைரக்டர்ஸ்ல சேர்ந்து 1985 வரைக்கும் இருந்தார், 1986-ல இறந்துட்டார். பழைய சிறந்த ஆட்டக்காரங்களைக் கௌரவிக்கிற பேக்கர்ஸ் ஹால் ஆஃப் ஃபேம்ல 1972-லயே சேர்த்துட்டாங்க. ஒஹையோல இருக்கிற, எல்லா டீமுக்கும் பொதுவான பெரிய ஹால் ஆஃப் ஃபேம்ல இல்ல, அது எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு.

வீட்டுக்காரர் கேட்டதுக்கு வர்றேன். "நம்ம பையன்னா இளக்காரம்"ங்கிற சந்தேகம் வர்றதுல தப்பில்ல, வேற நாட்டுல பிள்ளை வளக்கிறவங்களுக்கு அந்தக் கண்ணு எப்பவும் திறந்துதான் இருக்கும். ஆனா லைன்ங்கிறது யாருக்கும் பிடிக்காதவனைத் தள்ளி விடுற மூலை இல்ல. பக்கெட்ஸுக்கு முன்னாடியே ஜோ அலெக்சாண்டர்னு ஒரு யூத லைன்மேன் இருந்தார், சிரக்யூஸ் யுனிவர்சிட்டில ஆடி ஆல் அமெரிக்கன், அதாவது நாட்டுலயே சிறந்த காலேஜ் ஆட்டக்காரங்கள்ல ஒருத்தர்னு பேர் வாங்கினவர், 1925-ல நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆரம்பிச்சப்போ அவங்களோட சென்டர், 1926-ல அந்த டீமுக்கே கோச், தொழில் என்னன்னா டாக்டர். பின்னாடி 1960-கள்ல ரான் மிக்ஸ்னு ஒருத்தர், சார்ஜர்ஸ் டீம்ல டாக்கிள், அதாவது லைன்ல கார்டுக்கு அடுத்து நிக்கிறவர், அங்க 10 வருஷத்துல கையால எதிராளியைப் பிடிச்சு வெச்சார்னு பெனால்டி வாங்கினது ரெண்டே ரெண்டு தடவைன்னு சொல்வாங்க, ஆடிக்கிட்டே சட்டம் படிச்சு வக்கீலாவும் ஆனார். மூளை உள்ளவனை உக்கார வெக்கிற இடம்தான் லைன், வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க.

அதுக்காக கோச் பண்றதெல்லாம் சரின்னும் சொல்ல வரல. நேர்ல போய், பையனையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு, அவன்கிட்ட என்ன பாத்து மாத்துனீங்கன்னு கேளுங்க. "கால் வேகம் இருக்கு, புல் பண்ண ஆள் வேணும்", "ஆட்டத்தைப் படிக்கிறான்"னு குறிப்பா ஏதாவது சொன்னா நம்பலாம். "டீமுக்குத் தேவை"ன்னு மொட்டையா சொன்னா, ஒரு மேட்ச்ல எத்தனை ஸ்னாப், அதாவது பந்து பின்னாடி போற எத்தனை தடவை ஆடுவான், ரன்னிங் பேக்குக்குத் திரும்ப ட்ரை பண்ண வழி இருக்கான்னு அடுத்து கேளுங்க. அதுக்கும் பதில் மழுப்பலா வந்துச்சுன்னா வீட்டுக்காரர் சந்தேகத்துல கொஞ்சம் நியாயம் இருக்கலாம், அப்ப அத்லெட்டிக் டைரக்டர்கிட்ட பேசலாம். ஆனா முடிவு பையனோடதா இருக்கட்டும். அவனுக்கே பிடிக்கலைன்னா நிறுத்துறது ஒரு குத்தமும் இல்ல, பக்கெட்ஸ் கதையை வெச்சு அவனை மடக்காதீங்க.

இனிமே என் வேலை சம்பந்தப்பட்டது. 20 பவுண்டு. இது எனக்குப் பிடிக்கவே இல்லைங்க. பக்கெட்ஸ் உயரம் 5 அடி 10 அங்குலம், எடை சுமார் 220 பவுண்டு, அது அன்னைக்கு லீக்ல ஒரு முழு ஆம்பளையோட எடை, இன்னைக்கு அதே லீக்ல கார்டுங்க 300 பவுண்டைத் தாண்டிட்டாங்க. அந்த எடையைப் பாத்துத்தான் ஹைஸ்கூல் கோச்சுங்களும் ஏத்து ஏத்துன்னு சொல்றாங்க. 15 வயசுல வளர்ற உடம்பு, வாரத்துக்கு அரை பவுண்டு, மிஞ்சிப் போனா ஒரு பவுண்டு, அதுவும் வெயிட் தூக்குற பயிற்சியோட சேந்து ஏறினாத்தான் அது தசை, இல்லைன்னா தொப்பை. ஆக 20 பவுண்டுங்கிறது இந்த சீசன் கணக்கு கிடையாது, ஒரு வருஷக் கணக்குன்னே வெச்சுக்கோங்க. சைவம்னா ஒண்ணும் பிரச்சனை இல்ல, பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மா, தயிர், பால், பனீர், வேர்க்கடலைன்னு ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒரு புரதம் இருக்கணும், ரெண்டு வேளை இட்லியும் ஒரு வேளை ரசம் சாதமும்னா பத்தாது. பிராக்டிஸ் முடிச்சு வீட்டுக்கு வந்த அரை மணி நேரத்துல ஒரு பெரிய டம்ளர் பாலும் வேர்க்கடலை வெண்ணெய் தடவின ரொட்டியும் குடுத்தாலே பாதி வேலை முடிஞ்சது. மாஸ் கெய்னர் டப்பா, கிரியேட்டின் எல்லாம் 18 வயசுக்கு முன்னாடி வேண்டாம், கோச்சே சொன்னாலும்.

அடுத்தது வெயில். தலையில அடிபடுறதைப் பத்தித்தான் எல்லா அம்மாக்களும் கேக்குறாங்க, அது சரிதான், லைன்ல பெரிய மோதலை விட சின்னச் சின்ன இடி நிறைய விழும். அதனால தலைவலி, வாந்தி, வெளிச்சம் பாத்தா கூசுது, பாடத்துல கவனம் போகலன்னு எதைச் சொன்னாலும் அன்னைக்கே ஆட்டம் நிறுத்தம், டாக்டர் எழுதிக் குடுக்காம திரும்ப இறங்கக் கூடாது, சட்டமே அப்படித்தான். ஆனா வெயிலை யாரும் கேக்கறதில்ல. ஆகஸ்ட் பிராக்டிஸ்ல உடம்பு சூடேறி உயிர் போற கேஸ்ல பெரும்பாலும் லைன்மேன் பசங்கதான், பெரிய உடம்பு, மேல அடி தாங்குற முழு பேட், ஹெல்மெட். விஸ்கான்சின்ல என்ன வெயில்னு நினைக்காதீங்க, உங்க ஊர் ஆகஸ்ட் புழுக்கமே அதுக்குப் போதும். ஸ்கூல்ல ஐஸ் தண்ணித் தொட்டி தயாரா வெச்சிருக்காங்களான்னு கேளுங்க. ஹீட் ஸ்ட்ரோக்னா முதல்ல தொட்டியில இறக்கி உடம்பைக் குளிர வெச்சுட்டுத்தான் ஆம்புலன்ஸ்ல ஏத்தணும், ஏத்திட்டு அப்புறம் குளிர வெக்கலாம்னா லேட். முதல் நாள்லயே முழு பேட் போட்டு ஆட விடறாங்களா, கொஞ்சம் கொஞ்சமா பழக்குறாங்களான்னும் கேளுங்க. இந்தக் கேள்விக்கு எரிச்சல் படுற ஸ்கூல்னா எனக்கு அதுவே போதும், நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

பாட்டிக்கு என்ன சொல்றது? தேர் இழுக்கிறப்போ வடம் பிடிக்கிறவங்களைத்தான் எல்லாரும் பாப்பாங்க, சக்கரத்துக்குக் கீழ முட்டுக்கட்டை போட்டு முக்குல தேரைத் திருப்புறவரை யாரும் பாக்க மாட்டாங்க, உங்க பேரன் இப்ப அந்த வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க. அடுத்த மேட்சுக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, பந்து பின்னாடி கண்ணை ஓட விடாம பேரன் நம்பரை மட்டும் பாக்கச் சொல்லுங்க. 50-ல இருந்து 79-க்குள்ள ஏதாவது ஒரு நம்பர் குடுத்திருப்பாங்க. வீட்டுலன்னா பையனையே ஹடில் ஆப்ல மேட்ச் வீடியோவைப் போட்டு ஓட்டச் சொல்லுங்க, இந்த ஆட்டத்துல உன் வேலை என்ன, நீ யாரைத் தடுக்கணும், தடுத்தியான்னு கேளுங்க, ரூமை விட்டு வெளிய வர அது ஒரு சாக்கு.

வெயிட் பத்தி கோச் என்ன சொன்னார்னு எனக்குத் திரும்ப எழுதுங்க. பையனோட இப்போதைய உயரம், எடை, கடைசி ஒரு வருஷத்துல எவ்வளவு வளந்தான்னும் சேத்து அனுப்புங்க, 20-க்குப் பதிலா எவ்வளவு கேக்கலாம்னு ஒரு நம்பர் சொல்றேன், அதை எடுத்துட்டுப் போய் கோச்கிட்ட பேசலாம்.